தங்கபாய் மீட்டர்

இராஜபாளையத்தில் பயமே இல்லாத மனிதன் நான் ஒருவன்தான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெயரிலேயே ஒரு நாய் ரகம் இருக்கிற ஊரில் நாய்க்குப் பயப்படாமல் வளர்ந்தவன் நான். புள்ளியியல் தேர்வுக்குப் புத்தகத்தைத் திறக்காமலே போய் உட்கார்ந்தேன். முடிவு வந்த அன்று கூடுதலாக இரண்டு புரோட்டா சாப்பிட்டேன். மில் ஷிப்டு விடுகிற நேரத்தில் தென்காசி ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் கடப்பேன். வெற்றிலை போடுவது போலப் பயமும் ஒரு பழக்கம். எனக்கு அந்தப் பழக்கம் ஒட்டவில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் உள்ளவர் அம்மா. பெயர் தங்கபாய். எனக்கும் சேர்த்து அவளே பயப்பட்டுவிடுவதால் எனக்கு மிச்சம் ஒன்றும் விழுவதில்லை என்று செலினா அத்தை சொல்வாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. அவள் சொல்வதில் பாதிதான் சரியாக இருக்கும்.

அப்பா ஜெபதுரை, அரசு பஸ்ஸில் கண்டக்டர். இராஜபாளையத்தில் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகக் கான்சாபுரம் வரை போய்த் திரும்புகிற வண்டி. அவருக்கு உடம்புக்குச் சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை, டிரைவர்.

கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும், இரண்டு விசில் அடித்தால் எடுக்க வேண்டும். கூட்டம் இல்லாத மத்தியான ட்ரிப்பில் அப்பா முன்னால் போய் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள், டிரைவர் ஐயாதுரை மாமா வண்டியைக் காட்டுக்கு நடுவில் ஒரு பனைமரத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"யாரு எறங்குதா அண்ணாச்சி?"

"யாரும் எறங்கல. நீ ஏன் நிப்பாட்டுத?"

"நீங்கதான விசில் அடிச்சிய."

விசில் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அடுத்த நாளும் பனைமரம். அதற்கடுத்த நாள் ஒரு கண்மாய்க்கரை. கடைசியில் மாமா இன்ஜினை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். அப்பா மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து விசில் வந்தது. நல்ல சுத்தமான ஒற்றை விசில். "அண்ணாச்சி, இது சளி இல்ல. நாளைக்கே டாக்டர்ட்ட போங்க. நான் ஒவ்வொரு மரத்துக்கும் பிரேக் அடிச்சிட்டிருக்க முடியாது" என்றார் மாமா.

பீடி சிகரெட் எதையும் தொடாத மனிதர் என்பதால் சளி மருந்திலேயே கொஞ்ச காலம் போனது. பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன், வாய் வழியாகக் கேமரா விட்டு ஒரு துளி சதை எடுத்துச் சோதிப்பது எல்லாம் ஆயிற்று. எல்லா முடிவுகளையும் எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். டாக்டர் பாண்டீஸ்வரி மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர். சனிக்கிழமைகளில் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் பார்ப்பார். நுரையீரல் டாக்டரை மாடியில் வைத்திருப்பது நோயாளிகளைச் சலித்தெடுக்கிற ஏற்பாடு. ஏறி வர முடிந்தவர்களுக்கு அவசரம் இல்லை. அப்பா திருப்பத்தில் ஒரு தடவை உட்கார்ந்தார், உச்சியில் ஒரு தடவை உட்கார்ந்தார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் மேஜைமேல் தலையணை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துத்தான் இப்போதெல்லாம் தூங்கினார். படுத்தால் மூச்சு முட்டியது.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "மூச்சுக்குழாய் இந்த எடத்துல ரெண்டாப் பிரியுதுய்யா. ஒண்ணு வலது நுரையீரலுக்கு, ஒண்ணு இடதுக்கு. கட்டி சரியா அந்தப் பிரிவுல இருக்கு. வலது பக்கம் கிட்டத்தட்ட அடைச்சிருச்சு. இடதையும் நெருக்குது."

அப்பா படத்தையே பார்த்தார். அவர் அப்போது பேச்சைச் சில்லறை கொடுப்பது போல எண்ணித்தான் கொடுப்பார். "கிருஷ்ணன்கோவில் வெலக்குல... மரம் விழுந்து கெடக்கு" என்றார்.

டாக்டருக்கும் ரோடு இரண்டாகப் பிரிகிற அந்த இடம் தெரியும் போல. சிரித்தார். "அப்படித்தான். மரத்த வெட்டி வழி பண்ணப் போறோம். மயக்க மருந்து குடுத்து, வாய் வழியா ஒரு நேரான இரும்புக் குழாய் விடுவோம். அது வழியாவே கட்டியச் சுட்டு, சுரண்டி எடுத்திருவோம். மறுபடி சாயாம இருக்க, அந்த வெலக்குல கவட்டை மாதிரி ஒரு ரப்பர் குழாய் வைப்போம். ஸ்டென்ட்னு பேரு."

"மரம்?"

"மரத்தோட வேரு அங்கதான் இருக்கும்யா. அதுக்குப் பொறவு மருந்து ஏத்தணும், ரேடியேஷன் கரன்ட் வைக்கணும். ஆனா மூச்சு இந்த லெச்சணத்துல இருக்கும்போது அத ஆரம்பிக்க முடியாது."

"மல்லாக்கப் படுக்கலாமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "என்னய்யா?"

"கொழாய் வச்ச பொறவு. கால நீட்டி... மல்லாக்க."

"படுக்கலாம்."

"அப்ப வைங்க" என்றார் அப்பா.

அம்மாதான் கேட்டாள். "மயக்கம் குடுத்தா மூச்சு எப்பிடிம்மா விடுவாக? முழிச்சிருக்கும்போதே இழுத்துப் பிடிச்சில்ல விடுதாக."

டாக்டர் பொய் சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. "அவரா விடுற மூச்சு மயக்கத்துல நின்னுரும். குழாய உள்ள விட்டு நாங்க குடுக்க ஆரம்பிக்கணும். அந்த எடப்பட்ட நேரம் கஷ்டம்தான். ரத்தம் வந்தா அதுவும் கஷ்டம். வராதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா விட்டு வச்சா இன்னும் அடைக்கும்."

"அந்த எடப்பட்ட நேரம்னா எம்புட்டு நேரம் டாக்டர்?" என்று நான் கேட்டேன். புள்ளியியல் படிப்பவன் என்ற முறையில் கேட்டேன்.

"கொஞ்ச நேரம்தான் தம்பி."

"கொஞ்சம்னா?"

"ரொம்பக் கொஞ்சம்."

கீழே இறங்கிய பிறகு, குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி மாடி ஏறிப் போய் இன்னொரு தடவை கேட்டேன். மழைக்காலம் இல்லை. எங்கள் வீட்டில் குடையும் இல்லை. கொஞ்சம் உடற்பயிற்சி ஆகட்டும் என்று நினைத்தேன்.

மதுரைக்குப் போகத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதுவரையான நாட்களில்தான் அம்மா தன்னுடைய பரிசோதனையைத் தொடங்கினாள்.

அம்மா பேண்டேஜ் கம்பெனியில் காயத்துக்கு வைக்கிற காஸ் துணி மடிக்கிறாள். அவள் சேலையில் எந்நேரமும், லீவு போட்டிருந்த அந்த நாட்களில்கூட, எங்கேயாவது ஒரு துளிப் பஞ்சு ஒட்டியிருக்கும். மத்தியானம் அப்பா தலையணையில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணயர்ந்ததும், அம்மா ஃபேனை நிறுத்துவாள். சேலையிலிருந்து ஒரு பஞ்சிழையைக் கிள்ளுவாள். அப்பாவின் காலடியில் மண்டி போட்டு, கழுத்தைத் திருப்பி, மேஜைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட சந்தில் கையை விட்டு, அந்த இழையை மூக்குக்கு நேரே பிடிப்பாள். பஞ்சு ஆட வேண்டும். ஒரு தடவை ஆடினால் அவளுக்குப் போதாது. "ஒரு தடவ காத்துலயும் ஆடும். மூணு தடவ ஆடணும்" என்பாள்.

இதற்குள் ஃபேன் இல்லாமல் அப்பாவுக்கு வேர்த்து முழிப்பு வந்துவிடும்.

"கரன்ட் போயிட்டாட்டி?"

"ஆமா, போயிட்டு."

அம்மா பஞ்சை முந்தானையில் மறைத்துக்கொண்டு எழுந்துபோய் ஃபேனைப் போடுவாள். "இந்தா வந்துட்டு."

தெருவில் எல்லார் வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டுக்கு மட்டும் மத்தியானத்தில் பலமுறை மின்வெட்டு நடந்தது. அப்பா மின்வாரியத்தைப் பற்றி, மூச்சு அனுமதித்த அளவில், கடுமையாகப் பேசினார்.

இதைக் கண்டும் காணாமல் விடுவது என் கொள்கைக்கு விரோதம். "எம்மா, அப்பா மூச்சு தெருமுக்கு வரைக்கும் கேக்கு. தபால்காரர் நேத்து வாசல்ல நின்னுட்டு, யாரு கூப்பிட்டதுன்னு கேட்டாரு. இதுக்குப் பஞ்சு எதுக்கு?"

"சத்தம் கேட்டாப் போதுமால? காத்து வருதான்னு பாக்க வேண்டாமா?"

"காத்து வராம சத்தம் எங்கருந்து வரும்?"

"நீ படிச்சவன். ஒனக்கு எல்லாம் தெரியும். போய்ப் படி."

அந்தக் கருவிக்கு நான் 'தங்கபாய் மீட்டர்' என்று பெயர் வைத்தேன். கல்லூரி கேன்டீனில் என் கூட்டாளி ராம்கிக்கும் மற்றவர்களுக்கும் அதை நடித்தே காட்டினேன். முதலில் ஃபேன் சுவிட்சு, பிறகு பஞ்சைக் கிள்ளுவது, பிறகு மண்டி போட்டுக் கழுத்தைக் கோழி போலத் திருப்புவது, கடைசியில் 'கரன்ட் போயிட்டு'. கேன்டீன் மாஸ்டர் உட்படச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ராம்கி கேட்டான்.

"உங்கப்பாவுக்கு என்னலே?"

"ஸ்டென்ட் வைக்கணும்."

"ஹார்ட்டா?"

"ஆமா" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வடை ஆறிக்கொண்டிருந்தது.

நான் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஸ்டென்ட் என்றால் அது இருதயத்துக்குத்தான். வேறு எங்கேயும் அதை வைக்க முடியும் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆலங்குளத்திலிருந்து செலினா அத்தை பையைத் தூக்கிக்கொண்டு வந்திறங்கிய அன்றே சமையலறைக்குப் போய் எண்ணெய்த் தூக்கை எடுத்து மேல் பரணில் வைத்தாள்.

"இனிமே இந்த வீட்ல எண்ண கெடையாது. எங்க கொழுந்தனுக்கு ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு. எண்ணயத் தொடுறதில்ல. இன்னைக்கு சிமென்ட் மூடையத் தூக்கி எறியுதான். தம்பிக்கு ஒண்ணுதான? ஒரு வாரத்துல பஸ்ல ஏறிருவான் பாரு."

"அத்த, அது வந்து ஹார்ட்..." என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அத்தை கிணற்றடிக்குப் போன பிறகு கேட்டேன். "ஏன் சொல்ல விடமாட்டேங்கிய?"

"ஹார்ட்டுக்கு வச்சவுக எல்லாரும் நல்லாத்தான இருக்காக" என்றாள் அம்மா. "அவிய சொல்லும்போது கேக்க நல்லாருக்கு. சொல்லிட்டுப் போட்டும்."

ஞாயிற்றுக்கிழமை போதகர் அப்பாவின் இருதயத்துக்காக ஜெபித்தார். சபை முழுவதும் ஒருமனப்பட்டு, நல்ல நிலையில் இருந்த ஓர் உறுப்பைக் காப்பாற்றும்படி மன்றாடியது. ஜெபம் கேட்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவின் இருதயத்துக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

அத்தை மறுநாள் மத்தியானம் அம்மாவைக் கையும் பஞ்சுமாகப் பிடித்துவிட்டாள்.

"ஏட்டி தங்கபாய், என்னட்டி பண்ணுத?"

"ஒண்ணுமில்ல மைனி."

"உசுரோட இருக்க மனுசன் மூக்குல பஞ்ச வைக்கியே, ஒனக்குக் கூறு இருக்கா? யாருக்குட்டி மூக்குல பஞ்சு வைப்பாக?"

"நான் மூக்குல வைக்கல மைனி. மூக்குக்கு வெளியதான் பிடிச்சேன்."

"உள்ளயோ வெளியவோ. கீழ போடு."

அம்மா கீழே போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பா அதற்குள் விழித்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் தன்னைச் சுற்றி நிற்பதைப் பார்த்தார்.

"கரன்ட்?" என்றார்.

"வந்துரும்" என்றாள் அத்தை, அவளையும் அறியாமல்.

அப்பா மறுபடி தலையணையில் சாய்ந்தார். விசில் வந்தது. முன்பு இழுக்கும்போது மட்டும்தான் வரும். இப்போது விடும்போதும் வந்தது. அதைக் கவனித்துவிட்டு நான் வெளியே போய் ராம்கியோடு கொஞ்ச நேரம் கேரம் விளையாடினேன். நன்றாக விளையாடவில்லை. பலகையில் பவுடர் சரியில்லை.

மதுரைக்கு ஐயாதுரை மாமா தன் மச்சான் காரை எடுத்துக்கொண்டு வந்தார். அப்பாவை முன் சீட்டில் நேராக உட்கார வைத்தோம். பின்னால் அம்மா, அத்தை, நான். எல்லோரும் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் கார் நகரவில்லை. மாமா கியரில் கையை வைத்துக் காத்திருந்தார்.

"எடுலே" என்றார் அப்பா.

"ரைட் சொல்லுங்க அண்ணாச்சி."

அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டு கார்க் கதவை வெளிப்பக்கம் இரண்டு தட்டு தட்டினார். கார் கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டி அப்பாவைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். படுக்க முடியாது என்பதால் வண்டியின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி உட்கார்ந்தபடியே வைத்திருந்தார்கள். சப்பரத்தில் போவது போல இருந்தார். அம்மாவும் அத்தையும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அப்பா என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"பயமா இருக்காலே?"

"எனக்கா? இல்லப்பா."

"எனக்கு இருக்கு" என்றார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மற்ற எல்லா நேரத்திலும் எனக்கு ஏதாவது சொல்ல வரும். வண்டியைத் தள்ளுகிறவர் "கொஞ்சம் தள்ளிக்கோங்க சார்" என்றார். தள்ளிக்கொண்டேன். கதவு இரண்டு பக்கமும் திறந்து மூடியது.

வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்தோம். எதிர்ச் சுவரில் காசநோய் விளம்பரம் ஒன்று இருந்தது. அதைத் தமிழில் படித்தேன். ஆங்கிலத்தில் படித்தேன். அடியில் இந்தியிலும் இருந்தது. எனக்கு இந்தி தெரியாது, ஆனாலும் படித்தேன்.

'எடப்பட்ட நேரம்' இப்போது நடந்துகொண்டிருக்குமா, முடிந்திருக்குமா, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்பதைச் சொல்ல ஒரு வழியும் இல்லை. அந்தக் கதவுக்கு வெளியே ஒரு விளக்கு வைத்திருக்கலாம். லெவல் கிராஸிங்குக்கே விளக்கு இருக்கிறது.

"ஏலே, நகத்தத் தின்னாத" என்றாள் அத்தை.

"வளந்திருக்கு அத்த. வெட்ட நேரமில்ல."

"அதுக்காகச் சதையையுமா திங்குத?"

அம்மா நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். அதில் பஞ்சு எதுவும் இல்லை. ஆனாலும் விரல்கள் அந்தச் சேலையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தன.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் தலையை மட்டும் நீட்டினாள். "ஜெபதுரை கூட வந்தவங்க யாரு?"

மூன்று பேரும் எழுந்தோம். எனக்குக் கால் மரத்துப்போயிருந்ததால் நான் மட்டும் மறுபடி உட்கார்ந்தேன். மரத்துப்போவதற்கும் பயத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நர்ஸ் ஒரு காஸ் துணிப் பொட்டலத்தை அம்மா கையில் வைத்தாள். "பல்லு. ஆடிட்டிருந்துச்சு. இரும்புக் குழாய் போகும்போது விழுந்து உள்ள போயிரும்னு டாக்டர் முன்னாடியே எடுக்கச் சொல்லிட்டாங்க. இதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அவிய எப்பிடி இருக்காக?"

"இப்பத்தான்மா ஆரம்பிக்காங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போதுதான் ஆரம்பிக்கிறார்கள். இவ்வளவு நேரம் நாங்கள் பயந்தது, அதாவது அவர்கள் இருவரும் பயந்தது, அத்தனையும் கணக்கில் சேராது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். அப்பாவின் கடைவாய்ப் பல்லைச் சும்மா ஒரு பார்வை பார்த்தாள். பிறகு துணியைத் தடவிப் பார்த்தாள், ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். "இது எங்க கம்பெனித் துணி மாதிரி இருக்கு" என்றாள்.

"உள்ள தம்பி கெடக்கான். நீ துணியப் பாரு" என்றாள் அத்தை.

"இல்ல மைனி. எங்க துணின்னா நல்லா உறிஞ்சும். ரத்தம் வந்தா..." அம்மா பல்லை வைத்துத் துணியை மறுபடி மடித்தாள். அத்தை, "ரத்தம் எதுக்குட்டி? ஹார்ட்டுக்குத் தொடை வழியாத்தான விடுவாக? வாயில பல்ல எதுக்குப் பிடுங்குதாக?" என்று கேட்டாள்.

அத்தை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். காசநோய் விளம்பரத்தில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் வெளியே வரும்வரை அந்தக் கையை விடவில்லை, எண்ணெயைப் பற்றியும் பேசவில்லை.

டாக்டர் பாண்டீஸ்வரி முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டி. அதன் அடியில் சாம்பலும் சிவப்புமாகச் சில துண்டுகள் கிடந்தன. நாவல் கொட்டைகளைக் கடித்துப் போட்ட மாதிரி.

"இதுதான் அடைச்சிட்டு இருந்தது. நடுவுல கொஞ்சம் ரத்தம் வந்துச்சு, நிறுத்திட்டோம். குழாய் நல்லா உக்காந்திருச்சு. ரெண்டு பக்கமும் காத்து போகுது."

அம்மா அழவில்லை. "ரெண்டு பக்கமுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும். ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. வழிதான் தொறந்திருக்கோம். நோய் இருக்கு. அவர் கொஞ்சம் தேறினதும் மருந்த ஆரம்பிக்கணும். அதுல தள்ளிப் போடக் கூடாது."

வீட்டுக்கு அனுப்பும்போது இன்னும் சில விஷயங்கள் சொன்னார். குழாய்க்குள் சளி காய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் மெஷினில் உப்புத்தண்ணீர்ப் புகை பிடிக்க வேண்டும். இருமல் வந்தால் அடக்கக் கூடாது, துப்பிவிட வேண்டும். "பழைய மாதிரி விசில் சத்தம் வந்தா யோசிக்காம உடனே கூட்டிட்டு வந்துருங்க. குழாய் நகர்ந்திருக்கலாம், இல்ல அடைச்சிருக்கலாம். சத்தமே இல்லன்னா நல்லா இருக்காருன்னு அர்த்தம்."

சத்தமே இல்லையென்றால் நல்லா இருக்கிறார் என்று அர்த்தம். கேட்கும்போது மிக எளிமையான விதியாக இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த அன்று கட்டிலில் புதுப் போர்வை விரித்தோம். அப்பா அதன் விளிம்பில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். படுப்பதற்கு நல்ல நேரம் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தார், காலைத் தூக்கிப் போட்டார், மெல்லப் புரண்டு மல்லாந்தார். தொண்டை இன்னும் கரகரத்தது. "ஃபேன் தூசியா இருக்குலே, தொடைக்கக் கூடாதா?" என்றார். உட்கார்ந்தே தூங்கிய அத்தனை நாளும் அந்த ஃபேனை அவர் கீழேயிருந்து பார்க்கவில்லை.

அத்தை பரணிலிருந்து எண்ணெய்த் தூக்கை இறக்கி, ஆமை வடை சுட்டு வைத்துவிட்டு, ஆலங்குளம் பஸ் ஏறினாள். அம்மாவும் வேலைக்குத் திரும்பினாள். போகும்போது என்னிடம், "மத்தியானம் தூங்குவாக. பாத்துக்கோ" என்றாள்.

"என்னத்தப் பாக்கணும்? சத்தம் வந்தாத்தான் பாக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காக."

"சரிப்பா. நீ சத்தத்தையே பாரு."

மத்தியானம் அப்பா சாப்பிட்டு, மெஷினில் உப்புத்தண்ணீர்ப் புகை பிடித்து, இருமித் துப்பி, கட்டிலில் மல்லாந்து படுத்துத் தூங்கினார். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் போட்டது. செங்கோட்டை ரயில் போனது. பிறகு இரண்டும் நின்றன.

அப்போதுதான் வீடு அமைதியாக இருப்பதைக் கவனித்தேன்.

இத்தனை மாதமாக அந்த விசில் இந்த வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. குளிக்கும்போது கேட்கும், கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும்போது கேட்கும், தெருமுக்கில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வரும்போதே கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். இப்போது ஒன்றும் இல்லை. சத்தம் இல்லையென்றால் நல்லா இருக்கிறார். விதி தெளிவாக இருக்கிறது. நான் போனைப் பார்த்தேன். ஒருவர் மலைப்பாம்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அதை முழுவதும் பார்த்துவிட்டு மறுபடி ஒரு தடவை பார்த்தேன்.

விதியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. நல்லா இருக்கிறவருக்கும் சத்தம் இருக்காது. நல்லா இல்லாதவருக்கும், ஒரு கட்டத்துக்கு மேல், சத்தம் இருக்காது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று டாக்டர் சொல்லவில்லை. மாடி ஏறிப்போய்க் கேட்கவும் முடியாது. இன்றைக்குச் சனிக்கிழமை இல்லை.

நெஞ்சைப் பார்த்தால் தெரியும். கழுத்து வரை போர்வை. ஃபேன் காற்றில் போர்வை எல்லாப் பக்கமும் ஏறி இறங்கியது. கால் இருக்கிற பக்கம்கூட மூச்சு விட்டது.

எழுப்பலாம். எத்தனையோ நாளைக்குப் பிறகு மல்லாந்து தூங்குகிற மனிதரை எதற்கு எழுப்புவது? எழுப்பி எழாவிட்டால் என்ற யோசனை வந்தது. அதை உடனே நிறுத்திக்கொண்டேன்.

பின்பக்கம் கொடியில் அம்மாவின் வேலைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்கத்தான் அந்தப் பக்கம் போனேன். துவைத்த சேலை என்றாலும் மடிப்புக்குள் ஒரு துளிப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிள்ளினேன். விரலிடுக்கில் பிடித்தபடி திரும்பி வந்து, கட்டில் ஓரத்தில் மண்டி போட்டு, கழுத்தைத் திருப்பி, அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

பஞ்சு ஆடியது.

ஆனால் போர்வையும் ஆடிக்கொண்டிருந்தது. சுவரில் காலண்டரும் ஆடிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினேன். இறக்கைகள் சுற்றி ஓய்கிறவரை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன். காலண்டர் அடங்கியது. போர்வை அடங்கியது. திரும்ப வந்து மண்டி போட்டேன். பஞ்சு சும்மா நின்றது. பிறகு என் பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி சாய்ந்து நிமிர்ந்தது.

அப்பாவின் நெற்றியில் வேர்வை அரும்பியது. கண்ணைத் திறக்கவில்லை.

"கரன்ட் போயிட்டாலே?"

"ஆமாப்பா" என்றேன். "செத்த நேரத்துல வந்துரும். நீங்க தூங்குங்க."

மூன்றாவது ஆட்டம் பாக்கி இருந்தது.